மாமியாரும் தளிரும்

சற்குணவதிக்குத் திட்டுவதற்குத்தான் சம்பளம். அப்படியும் ஒரு வேலை உண்டு என்று சொன்னபோது சாத்தூரில் அவள் சொந்தக்காரர்கள் நம்பவில்லை. சின்ன வயதிலிருந்து ஓசியில் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு எவன் காசு கொடுக்கிறான் என்று கேட்டார்கள். பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் கொடுத்தார்கள். சந்தைக்கு வரும் கம்ப்யூட்டர்களையும் டேப்லெட்டுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது மனிதனின் உயிரை அதிகம் வாங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற ஆய்வகம் அது. அவள் அங்கே மூத்த ஒப்பீட்டாளர்.

வேலை நடக்கும் விதம் வெளியாட்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒரே காரியத்தை எல்லா இயந்திரங்களிலும் வரிசையாகச் செய்ய வேண்டும். செய்யும்போது மனத்தில் தோன்றுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே தொங்கும் மைக் எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளும். புதிதாக வருகிறவர்கள் கூச்சப்பட்டு முணுமுணுப்பார்கள். சற்குணவதிக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. "இந்தப் பட்டனை இங்க கொண்டாந்து வச்சவன் வெளங்குவானா?" என்று அவள் ஆரம்பித்தால் பக்கத்து அறையில் மீட்டிங் நின்றுவிடும்.

அவள் மேசையில் அப்போது மூன்று இயந்திரங்கள் இருந்தன. ஓடை என்பது மடிக்கணினி. பார்க்க அழகு, பணக்காரர் வீட்டுப் பிள்ளையைப் போல் யார் சொல்லையும் கேட்காது. கோட்டை என்பது பழைய மேசைக் கம்ப்யூட்டர். அதை ஆய்வகத்தில் யாரும் கோட்டை என்று சொல்வதில்லை, மாமியார் என்றுதான் சொல்வார்கள். எதைத் தொட்டாலும் கேள்வி. அழிக்கவா? நிச்சயமா? யோசித்தீர்களா? கேட்பதோடு விட்டாலும் பரவாயில்லை. அதிலிருந்து போகிற ஒவ்வொரு செய்தியின் கீழேயும் 'அனுப்புநரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது' என்று ஒரு வரியை அதுவே சேர்த்துவிடும். மாமியார் கேள்வி கேட்டதுமல்லாமல் கேட்டேன் கேட்டேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் வேறு அடிக்கிறாள் என்று சற்குணவதி வருடா வருடம் அறிக்கையில் எழுதினாள்.

மூன்றாவதுதான் தளிர். உள்ளங்கை இரண்டையும் விரித்தால் அதில் அடங்கும் டேப்லெட். தளிரில் கேள்வியே கிடையாது. அந்தப் பெருமையில் பாதி சற்குணவதிக்குச் சேரும். அவளுடைய அறிக்கைகளைப் படித்துத்தான் அந்தக் கம்பெனி கேள்வியை எடுத்தது.

எப்படி எடுத்தார்கள் என்பதை ஆய்வகத் தலைவன் அபிநந்தன் முதல் நாளே விளக்கியிருந்தான். தலைவன் என்றாலும் சற்குணவதியை விடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். கடுமையான விஷயத்தையும் சிரித்த முகத்தோடு சொல்லக்கூடியவன்.

"நாம ஒண்ணைச் செய்யலாமா வேண்டாமான்னு யோசிக்கிறோம்னு நினைச்சுக்கறோம் மேடம். ஆனா கை அதுக்கு முன்னாடியே கிளம்பிடுது. உள்ளங்கைல சூடு, நாடி, விரல்ல ஒரு சின்ன நடுக்கம், எல்லாம் மாறிடுது. தளிரைக் கைல பிடிச்சா அதைப் படிக்கும். முதல்ல கொஞ்ச நாள் கேள்வி கேட்டுப் பழகும். நீங்க எதுக்கு ஆமான்னு சொல்றீங்க, எதுக்கு இல்லன்னு சொல்றீங்க, அப்ப கை எப்படி இருக்குன்னு கத்துக்கும். கத்துக்கிட்டதும் கேக்கறதை நிறுத்திடும். மனசார வேணும்னு நினைச்சா நடக்கும். நினைக்கலன்னா நடக்காது. அவ்வளவுதான்."

ஆறே மாதத்தில் தளிர் ஊரைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கையோடு ஆட்டியும் வைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வருடக்கணக்காக வாய்க்குள்ளேயே சுழன்ற வசவுகளெல்லாம் ஒரே வாரத்தில் எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மருமகள்கள் நாத்தனார்களுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்ததெல்லாம் போயிற்று. அயனாவரத்தில் ஒரு தாயார் மகள் கல்யாணத்துக்குத் தளிரில் அழைப்பு அனுப்பினாள். சம்பந்தி பக்கத்தில் பாதிப் பேருக்கு அது போகவே மறுத்துவிட்டது, விஷயம் தெரிந்து பந்தலிலேயே அடிதடி. இரங்கல் செய்திகள் போகவில்லை. கை தவறிப் போய்விட்டது என்று யாரும் தப்பிக்கவும் வழியில்லை. தளிரில் வந்தால் அது மனத்திலிருந்து வந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் பேச்சில்லை. காதலிக்கிற பிள்ளைகள் கூட, தளிரில் சொன்னாயா வேறு எதிலாவது சொன்னாயா என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஊரே முறைத்துக்கொண்டு திரிந்தது. ஆனால் கருத்துக் கணிப்பில் தளிருக்குக் கிடைத்த மதிப்பெண் மற்ற இரண்டுக்கும் சேர்த்துக்கூடக் கிடைக்கவில்லை.

சற்குணவதியும் தாராளமாகத்தான் மதிப்பெண் போட்டாள். அவளுக்குத் தளிரைப் பிடித்திருந்தது. பிடிக்காதது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெனடிக்ட் பர்னாந்துவைத்தான்.

பெனடிக்ட் தூத்துக்குடிக்காரர். அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். மூக்கு நுனியில் கண்ணாடி, ஆறிப்போன டீயை உறிஞ்சுகிற சத்தம், எதற்கும் அவசரப்படாத விரல்கள். கோட்டைதான் நல்ல இயந்திரம் என்று அடித்துச் சொல்கிற ஒரே ஆள். ஒருவர் ஓர் இயந்திரத்தைப் பரிசோதிக்கும்போது மற்றவர் பக்கத்தில் அடுத்ததைப் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் பத்து வருடமாக இருவரும் பாம்பும் கீரியுமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பத்து வருடச் சண்டையிலும் இருவரும் மரியாதையைக் குறைத்ததில்லை. நீங்க, வாங்க போட்டே குதறிக்கொள்வார்கள்.

பகைக்குக் காரணம் இருந்தது. அபிநந்தன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி நியாயமாகச் சற்குணவதிக்கு வந்திருக்க வேண்டியது. தேர்வு செய்ய வந்தவர்கள் பெனடிக்டைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டபோது, இவங்க மெஷினைப் பாக்கலை, தன் கோவத்தைத்தான் பாக்காங்க என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லியிருந்தால் ஒருநாள் மன்னித்திருப்பாள். அவர் சொன்னது உண்மை. அதனால் மன்னிக்கவே முடியவில்லை.

ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. பொய்ச் சரக்கை வைத்துச் சோதிக்கக் கூடாது. அன்புள்ள நண்பரே நலமா என்று சும்மா எழுதினால் அது விளையாட்டு என்று கைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் வருகிற எரிச்சலும் விளையாட்டு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆகவே உண்மையான ஆளுக்கு, உண்மையான முகவரிக்கு, நிஜமாகவே அனுப்பத் துடிக்கிற ஒன்றை எழுத வேண்டும். அனுப்பு என்று கொடுக்க வேண்டும். நிச்சயமாக அனுப்பவா என்று கேள்வி வரும். அங்கே 'இல்லை'யை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். ஒருவன் வீட்டுச் சொந்தக்காரனுக்கு எழுதுவான், ஒருத்தி ராஜினாமா எழுதுவாள். சற்குணவதி எழுதுவது எப்போதும் ஒன்றுதான், இயந்திரத்தின் பெயர் மட்டும் மாறும்: தளிரின் உள்விவரங்களை பெனடிக்ட் பர்னாந்து போட்டிக் கம்பெனிக்கு விற்கிறார், என் கண்ணால் பார்த்தேன். பெறுநர், இப்போது தளிர்க் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு. அது முழுப் பொய். ஆனால் எழுதும்போது கிடைத்த சுகம் பொய்யில்லை.

ஆய்வகத் தளிர்களின் நினைவை வாராவாரம் துடைத்துவிடுவார்கள். ஆகவே அவை யார் கையையும் பழகியதில்லை, ஒவ்வொரு முறையும் கேட்டன. அந்த மாதம் அபிநந்தன் துடைப்பதை நிறுத்தினான். ஆஸ்பத்திரிகளுக்கும் கோர்ட்டுகளுக்கும் தளிரை விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பழகிய தளிர் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும், ஆளுக்கொன்றை வைத்துக்கொள்ளுங்கள், துடைக்காதீர்கள் என்றான். சற்குணவதி தலையை ஆட்டினாள். காதில் வாங்கியது கைக்குப் போய்ச் சேரவில்லை.

அன்று காலை மீட்டிங்கில் பெனடிக்ட் வேலையைக் காட்டினார். அவளுடைய பழைய அறிக்கை ஒன்றைத் தோண்டி எடுத்து வந்து, அவள் குரலிலேயே, அவள் கையை ஆட்டுகிற மாதிரியே ஆட்டிப் படித்தார். நிச்சயமா நிச்சயமா என்று கேட்டே இந்த மாமியார் என் ஆயுசில் பாதியைத் தின்றுவிட்டாள் என்ற இடத்தில் அறை அதிர்ந்தது. அபிநந்தன் கூடச் சிரித்தான். பெனடிக்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி முடித்தார்.

"நீங்க எல்லாரும் மாமியாருக்கு நன்றி சொல்லணும். அவ மட்டும் இல்லன்னா சற்குணம் மேடம் இந்நேரம் நம்மள்ல எத்தனை பேரைக் கொன்னுருப்பாவ தெரியுமா?"

சற்குணவதி எழுந்து தன் இடத்துக்கு வந்தாள். முகமெல்லாம் எரிந்தது. தளிரை எடுத்தாள். வழக்கமான இரண்டு வரியை எழுதினாள். எழுதும்போது இந்த ஆள் ஒழிந்துபோக வேண்டும் என்று மனதார நினைத்தாள். 'இல்லை' வழக்கமாக வருகிற மூலைக்கு விரல் போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சை இலை எழும்பி, மெல்ல மேலே போய் மறைந்தது. அனுப்பியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம்.

"எங்க கேள்வி?" என்றாள், பழக்கதோஷத்தில் வாய்விட்டு. மைக் அதையும் பதிவு செய்துகொண்டது.

பகல் சாப்பாட்டுக்குக் கீழே போன பெனடிக்ட் திரும்ப மேலே வர முடியவில்லை. கதவு அவருடைய அட்டையை ஏற்கவில்லை. காவலர்கள் இரண்டு பேர் வந்து அவர் மேசையைத் துணி போட்டு மூடினார்கள். மூக்குக்கண்ணாடிப் பெட்டி அதற்கடியில் மாட்டிக்கொண்டது. மாலைக்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது: ரகசியத்தை விற்றதாகப் புகார், உடனே வேலையிலிருந்து நிறுத்தம், அடுத்தது போலீஸ், ஊரிலுள்ள எல்லா ஆய்வகங்களுக்கும் அவர் பெயர் போகும். அந்த வயதில் அப்படி ஒரு பெயரோடு அவரை வாசலில் கூட யாரும் நிறுத்த மாட்டார்கள்.

சற்குணவதி அபிநந்தனின் அறைக்குப் போனாள். அது சோதனைக்காக எழுதியது, தினமும் எழுதுவது, பத்து வருடப் பதிவுகளைக் கேட்டால் தெரியும் என்றாள். அபிநந்தன் மரியாதையாக எழுந்து நின்று, அவளை உட்கார வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"கேட்டோம் மேடம். 'எங்க கேள்வி'ன்னு நீங்க சொன்னதும் அதுல இருக்கு. வாய் சொன்னது அது. ஆனா கை வேற சொல்லிருக்கு. அந்தக் கம்பெனி கையைத்தான் நம்புது. தளிர் விளையாட்டுக்கு எழுதினதை அனுப்பாது. மனசுல இல்லாதது அதுல போகாதுங்கறதுதானே அவங்க விக்கிற சரக்கே?"

"மனசுல இருந்தது அந்த ஆளு ஒழியணும்ங்கறது. அவர் திருடன்ங்கறது இல்ல. அது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்க தளிருக்கு?"

"தெரியாம இருக்குமா? சரி, ஒண்ணு செய்யலாம். நான் சொன்னது பொய்னு இப்பவே தளிர்லயே எழுதுங்க. மனசாரச் சொன்னா போயிடப் போகுது. போச்சுன்னா நாளைக்கே அவரை உள்ள விட்டுடறேன்."

தன் தளிரையே அவள் பக்கம் நகர்த்துவான் என்று நினைத்தாள். அவன் அவளுடையதையே எடுத்துவரச் செய்தான். அது அவள் கையைத்தான் பழகியிருந்தது. அவள் எழுதினாள்: பெனடிக்ட் பர்னாந்துவைப் பற்றி நான் எழுதியது பொய். அவர் எதையும் விற்கவில்லை. தளிரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எழுத்து அப்படியே நின்றது. விரலால் அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள். நியாயம், உண்மை, பாவம் என்று நினைக்கவேண்டியதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததற்கு நடுவில் காலையில் எழுந்த சிரிப்பும், அவர் கையை ஆட்டிக் காட்டியதும் வந்தன. இலை எழும்பவே இல்லை.

அபிநந்தன் அதற்குச் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. "பரவால்ல மேடம்," என்றான், நோயாளியிடம் பேசுவதுபோல். "உங்களுக்கே தெரியாம உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவர் செஞ்சிருப்பார்."

அன்று இரவு என்ன பாடுபட்டாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவள் நன்றாகத்தான் தூங்கினாள். மறுநாள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, டீயை உறிஞ்சுகிற சத்தம் இல்லை, சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷம் நாலு நாள் தாங்கியது. அப்புறம் இயந்திரங்களைத் திட்டும்போது பதிலுக்கு யாரும் திட்டாததால் வசவு பாதியிலேயே நின்றுபோயிற்று. ஒரு பொத்தானைக் குறை சொல்லிவிட்டு, கோட்டையைத் தூக்கி வைத்து எதிர்வாதம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த தன்னைக் கண்டு அவளுக்கே எரிச்சலாக வந்தது.

அந்த வாரக் கடைசியில் அபிநந்தன் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தான். தளிர்க் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்குகிறது. நினைவிழந்து கிடக்கிறவருக்கு இயந்திர மூச்சை நிறுத்தலாமா, ஆபரேஷன் செய்யலாமா என்று உறவினர்களிடம் சம்மதம் வாங்கும் வேலையைத் தளிர் பார்த்துக்கொள்ளும். கையெழுத்து வேண்டாம், கேள்வி வேண்டாம், அழுகிறவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். கையில் கொடுத்தால் போதும். அதற்குத் தலைமை ஒப்பீட்டாளராக அவளையே கேட்டிருக்கிறார்கள். ஒரு நிபந்தனையும் இருந்தது. புகார் தவறுதலாகப் போனது என்று அவள் இனி எங்கேயும் சொல்லக் கூடாது.

பத்து வருடமாக அவள் காத்திருந்த நாற்காலி அது. மூன்று வருடமாகப் படுக்கையில் கிடந்த தன் சித்தியும், அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தப்பாவும் சற்குணவதிக்கு அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரவேண்டும்? சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று அந்த மனுஷர் ஒரு நாளில் எத்தனை தடவை மனதார நினைத்திருப்பார். நினைத்துக்கொண்டே மறுவேளைக் கஞ்சியைக் காய்ச்சி ஆற்றி ஊட்டுவார். அவர் கையில் இதைக் கொடுத்திருந்தால் சித்தி முதல் மாதமே போயிருப்பாள். இதை அபிநந்தனிடம் சொன்னாள்.

"அப்படிப் போயிருந்தா அதுதானே மேடம் அவரோட உண்மையான விருப்பம்?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். யோசிக்க வேண்டும் என்று அவள் சொன்னதே அந்த ஆய்வகத்துக்குப் புதிது.

பெனடிக்ட் போன் செய்தது அதற்கு மறுநாள். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"சும்மாதான் பண்ணுதேன். திட்டுததுக்கு இல்ல," என்றார். "தொழிலாளர் ஆபீஸ்ல முறையிட்டிருக்கேன். வியாழக்கிழமை விசாரணை. உங்க பேரையும் சொல்லிருக்கேன், அதைத் தெரியப்படுத்தணும்லா."

"நான் அழுத்தல பெனடிக்ட் சார்."

"தெரியும். நீங்க அழுத்துத ஆளு இல்ல. பத்து வருஷமா அந்த ரெண்டு வரியத் தினமும் எழுதுதிய, தினமும் இல்லன்னு அழுத்துதிய. நான் பக்கத்துலதான இருக்கேன், எனக்குத் தெரியாதா? நானும் எழுதுவேன். உங்களப் பத்தி இதைவிட மோசமா எழுதிருக்கேன். மாமியார் கேப்பா, இல்லன்னுட்டு டீ குடிக்கப் போயிருவேன்." மறுமுனையில் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உண்மையச் சொல்லுங்கன்னு நான் கேக்க மாட்டேன். நான் கேட்டா நீங்க கண்டிப்பாச் செய்ய மாட்டீய."

போனை வைத்ததும் அவளுக்கு வந்தது இரக்கம் அல்ல, ஆத்திரம்தான். கெஞ்சியிருந்தால் மறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டு டீ குடிக்கிறார் மனுஷர்.

அரசாங்க அலுவலகத்துக்குப் புதுச் சாமான் வந்துசேர ஒரு தலைமுறையாகும். தொழிலாளர் அலுவலகத்தில் இன்னும் கோட்டைதான். தளிரில் வருகிற எதையும் அங்கே திறந்து பார்க்கக்கூட முடியாது. கையின் சூடு, நாடி என்று போய்ச் சொன்னால் கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள். புதன்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து வேலையில் இருந்தபோது, சற்குணவதி தளிரை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மாமியார் முன்னால் உட்கார்ந்தாள். விசைப்பலகையில் தூசி படிந்திருந்தது. ஊதிவிட்டு, தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுத ஆரம்பித்தாள்.

பெனடிக்ட் பர்னாந்து எந்த ரகசியத்தையும் விற்கவில்லை. அவர் மேல் நான் எழுதிய புகார் பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். அவர் அழிந்துபோக வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். அந்த விருப்பத்தைத்தான் தளிர் அனுப்பியது, சாட்சியத்தை அல்ல. இப்படித் தொடங்கி, ஆய்வகத்தின் விதி, துடைக்காமல் விட்ட நினைவு, அபிநந்தன் கொண்டுவந்த நிபந்தனை வரை ஒன்று விடாமல் எழுதினாள். இது போனால் தன் வேலை போகும், அந்த நாற்காலி போகும், பொய்ப் புகாருக்கு வழக்கும் வரலாம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அனுப்பு என்று கொடுத்தாள்.

மாமியார் கேட்டாள். *நிச்சயமாக அனுப்பவா? அனுப்பியபின் திரும்பப் பெற முடியாது.* கீழே 'ஆம்', பக்கத்தில் 'இல்லை'.

விரல் தானாகவே 'இல்லை'யின் பக்கம் போயிற்று. பத்து வருடப் பழக்கம். அதைப் பிடித்து நிறுத்தினாள். தலைக்கு மேலே மைக் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தின் முறைப்படி, மனத்தில் தோன்றியதை வாய்விட்டுச் சொன்னாள். முதல் தடவையாக மெதுவான குரலில்.

"எனக்கு இது பிடிக்கல. அந்த ஆளை எனக்கு இப்பவும் பிடிக்கல. அவர் திரும்பி வந்து இங்க உக்காந்து டீயை உறிஞ்சணும்னு எனக்குக் கொஞ்சங்கூட ஆசையில்ல. என் வேலை போறதுல எனக்குச் சம்மதமில்ல. கை 'இல்லை'க்குத்தான் போகுது. இந்த நிமிஷம் யாராவது இந்தக் கம்ப்யூட்டரைப் புடுங்கி எறிஞ்சா சந்தோஷப்படுவேன்."

அபிநந்தன் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வேகமாக வருவது தெரிந்தது. கேள்வி திரையில் பொறுமையாக நின்றது. அதற்கு அவள் கையின் சூடும் தெரியாது, நாடியும் தெரியாது. அவளுக்கு என்ன ஆசை என்று அது கேட்கவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும்தான் கேட்டது.

"எனக்கு இஷ்டமில்ல," என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, 'ஆம்'மை அழுத்தினாள்.

விசாரணை அதற்கப்புறம் நெடுநேரம் நடக்கவில்லை. தளிர்க் கம்பெனியின் வக்கீல், மனப்பூர்வமாக வந்த புகாரும் மனமில்லாமல் வந்த மறுப்பும் எப்படிச் சமமாகும் என்று எழுந்து நின்று வாதாடினார். அதிகாரி ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். அவருக்கு அந்த வாதமே பிடிபடவில்லை. மனமில்லாமல் சொன்னதுதானய்யா சாட்சியம், ஆசைப்பட்டுச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு என்று சொல்லி, பெனடிக்டை வேலையில் சேர்க்க உத்தரவு போட்டார். அதே வாரம் சற்குணவதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு உண்டா இல்லையா என்று பிறகு தெரிவிப்பதாகச் சொன்னார்கள். தளிர் விற்பனை ஒன்றும் குறையவில்லை. ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு வேறு ஒருத்தியைப் போட்டார்கள்; அவளுக்குத் திட்டத் தெரியாதாம்.

அலமாரியில் கிடந்த சாமானை எடுத்துப்போக அவள் கடைசியாக வந்த அன்று பெனடிக்ட் தன் நாற்காலியில் இருந்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நன்றி கெட்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தியும் இருந்தது. தான் வெறுத்தது வீண்போகவில்லை.

மெட்ரோ ஸ்டேஷன் படியில் பின்னாலிருந்து மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. பெனடிக்ட், ஒரு கையில் டிபன் கேரியரோடு ஏறி வந்தார். அவளைத் தாண்டிப் போய்ப் பிளாட்பாரத்தில் நின்றார். வேறு நிற்க இடமில்லாததால் அவளும் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

"உங்களுக்கு ஒரு செய்தி போட்டேன். வந்துச்சா?" என்றார், தண்டவாளத்தைப் பார்த்தபடி.

"ஒண்ணும் வரல."

"வராது. தளிர்ல போட்டேன். நன்றின்னு ஒரே ஒரு வார்த்தை. எத்தனை தடவை பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தும் போவ மாட்டேங்கு. இலை அசையவே இல்ல."

சற்குணவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை மீறி, வெகுநாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு. எதிர்ப் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெனடிக்ட் சிரிக்கவில்லை. மூக்கு நுனிக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"உங்கள எனக்குப் பிடிக்காது மேடம். அதுல மாத்தமில்ல."

"எனக்கும்தான் சார்."

அவர் போகவேண்டிய ரயில் வந்தது. ஏறினார். கதவு மூடும் முன், மாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும், அவள் எல்லாவற்றையும் யோசித்து நிதானமாகத்தான் அனுப்புவாள் என்றும் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ரயில் போன பிறகு அவள் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். நன்றி என்ற ஒரே வார்த்தை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதற்குக் கீழே, அவள் பத்து வருடமாகத் திட்டித் தீர்த்த அந்த வரி, சின்ன எழுத்தில் இருந்தது.

*அனுப்புநரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது.*

சற்குணவதி மேல்வரியை ஒருமுறையும் கீழ்வரியை இரண்டு முறையும் படித்துவிட்டு, போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.